சத்யபாமா காவல் காத்த செருப்புகள்

ரங்கூன் தாமுவேயில் சத்யபாமா தும்மினால் சூலே பகோடாவின் புறாக்கள் அத்தனையும் பறந்துவிடும் என்பார்கள். சுத்தப் பொய், பாதிப் புறாக்கள்தான் பறக்கும்.

பல வருடம் அவள் கோயில் வாசலில் செருப்புக் காவல். "ஒரு ஜோடியாவது மாத்திக் குடுத்திருப்பேனா?" என்று எமனையே நிறுத்திக் கேட்பாள். அந்தத் துணிச்சல் பிடித்துப்போய்த்தான் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தின் பொறுப்பாளர், பர்மிய மரியாதையில் ‘டோ’ நாஜியா, அவளைக் காவலுக்கு எடுத்தார். முதல் கண்காட்சி ஒழுங்காக நடந்தால் வேலை நிரந்தரம் என்று பேச்சு.

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டு உலகெங்கும் சிதறிப்போனவர்களின் வழிவந்த கலைஞர்களுடைய கண்காட்சி அது. திறப்பு நாள் காலை, வாசலருகே தேய்ந்த செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. படம் மாட்ட வந்த ஆட்கள் விட்டுப்போனவை என்று சத்யபாமா முடிவுகட்டினாள்.

"செருப்பை இங்கயே வரிசையா விடுங்க!" என்று வந்தவர்களையெல்லாம் அதட்டினாள். வாசலைக் கண்டாலே செருப்பைக் கழற்றும் ரங்கூன்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? வரிசை அனுமார் வாலாக நீண்டது.

மதியம் கூட்டம் கலைந்தபின் நாஜியா வந்தார். பார்த்ததும் நெஞ்சில் கைவைத்தார்.

"பாமா, அந்தச் செருப்பு வரிசைதான் கலைஞர் மார்வா அம்மா காட்சிக்கு வச்ச படைப்பு! கம்பி கட்டின ரப்பர் செருப்பு எங்க? சாயங்காலம் அவங்களே வர்றாங்க!"

அது இருந்த இடத்தில் புத்தம்புது வெல்வெட் செருப்பு. சத்யபாமா குனிந்து பார்த்தாள். வாரெல்லாம் விபூதி.

"கார்த்திகேசன் மாமா! கால் வரைக்கும் விபூதி பூசுறவர் அவர்தான். இன்சீன் ரயில் வர்றவரைக்கும் டீக்கடையிலதான் கெடப்பார். நீங்க போய் முகத்துக்குப் பவுடர் போடுங்க, நான் வந்துடறேன்."

கார்த்திகேசன் காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு என் செருப்பு என்னமா நடக்குது தெரியுமா, பாமா?"

"நடக்கும், நடக்கும். கடல் தாண்டி வந்த செருப்பாச்சே! கழட்டுங்க மாமா. கண்ணாடியையாவது தொடைச்சுப் போடக் கூடாதா?"

"கம்பி குத்துச்சு. பிடுங்கிப் போட்டுத் தைக்கச் சொல்லிட்டேன்."

வாரில் மஞ்சள் நைலான் நூல் பளபளத்தது. சத்யபாமா வெல்வெட்டை அவர் காலடியில் போட்டு, ரப்பரைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் டீ ஆறுவதற்குள் அது வரிசைக்குத் திரும்பிவிட்டது.

சாயங்காலம் மார்வா வந்து வரிசை முன் நின்றார். கண் மஞ்சள் நூலில் போய் விழுந்தது. நாஜியா தரையைப் பார்த்தார். சத்யபாமா முன்னால் வந்தாள்.

"கூட்டத்தை இங்க செருப்பு விடச் சொன்னது நான்தாம்மா. தப்பு என்னுது. ஆனா தையலைப் பிரிக்கச் சொல்லாதீங்க. நல்ல தையல்."

நாஜியா அதைக் கொஞ்சம் மெழுகி மொழிபெயர்த்தார். மார்வா செருப்பைக் கையில் எடுத்தார். அது அவருடைய அப்பாவின் செருப்பாம். நாளைக்குத் தைக்கிறேன், நாளைக்குத் தைக்கிறேன் என்று கம்பியைக் கட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிய மனிதராம். மார்வா அதில் கால் நுழைத்துக் கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். கழற்றியபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"தையல் அப்படியே இருக்கட்டும். இந்த அம்மாவும் இங்கேயே இருக்கட்டும்," என்றார் நாஜியாவிடம்.

இன்றும் அந்த வாசலில் ஒரு குரல் கேட்கும்:

"கலைச் செருப்பு இந்தப் பக்கம்! கால் செருப்பு அந்தப் பக்கம்!"