சூசையப்பர் நவநாளின் மௌனம்

போன வாரம் பழைய அலமாரியைக் காலி செய்தபோது ரப்பர் கையுறைப் பெட்டி ஒன்று கிடைத்தது. திறந்ததும் அந்த மாவு வாசனை. அவ்வளவுதான். செந்துறைப் பக்கத்துக் கன்னியர் மடத்தின் மருந்தகத்தில் இருபத்திரண்டு வயது நர்சாக மறுபடி நின்றேன்.

என் ஊர் எறையூர். பிறந்ததிலிருந்து கரும்பைப் பார்த்தே வளர்ந்தவள். வேலைக்குச் சேர்ந்த அன்று சிற்றாலயத்திலிருந்த புனித சூசையப்பர் சிலையைப் பார்த்து, "மதர், இந்தச் சாமி ஏன் கையில கரும்பு வச்சிருக்காரு?" என்று கேட்டுவைத்தேன். அது லீலிப்பூ பூத்த கைத்தடியாம். மடத்தின் தலைவியான மதர் சிரிக்கவில்லை. சுலபத்தில் சிரிக்கிறவரும் இல்லை. "வேதத்துல இவர் பேசினதா ஒரு வார்த்தகூட கிடையாது. சொன்னதக் கேட்டாரு, செஞ்சாரு. அதான் எங்க சபைக்கு இவர் பாதுகாவலர்" என்றார்.

மார்ச்சில் சூசையப்பர் திருவிழாவுக்கு முந்தைய நவநாள், அந்த ஒன்பது நாளும் மடத்தில் மௌனம். சாப்பாட்டு மேசையில் உப்பைக்கூடக் கைகாட்டித்தான் கேட்பார்கள். என்னைப் போன்ற வாயாடிக்கு அது தண்டனை. இரண்டாயிரமாவது ஆண்டுக்குச் சற்று முந்தைய அந்த வருடம் மௌனம் தொடங்குமுன் மதர் சொன்னது இதுதான்: "முடியாத கேஸ் வந்தா நேரா அரியலூர் அனுப்பிடு. எங்க கதவ வந்து தட்டாத."

ஏழாம் நாள் பதினொரு மணி வெயிலில் செல்வி வந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கிறவள், தலைச்சன் பிரசவம். துணைக்கு அவள் நாத்தனார் மட்டும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். வலி நன்றாக வந்தும் குழந்தையின் தலை இறங்காமல் மேலேயே நின்றது. அனுப்ப வேண்டிய கேஸ். ஆனால் அடுத்த பஸ் ஒரு மணிக்கு. மடத்து ஜீப் இருந்தது, டிரைவர் லீவு. ஓட்டத் தெரிந்தவர் மதர் ஒருவர்தான். அவர் ஐம்பதடி தள்ளிச் சிற்றாலயத்தில் முழங்காலில் இருந்தார்.

கதவு வரை போனேன். உள்ளே இலை விழுந்தால் கேட்கும் அமைதி. திரும்பி வந்தேன். மறுபடி போனேன். கால் மணி நேரம் இப்படியே கழிந்தது. செல்வி படுத்திருந்த மேசைக்கு நான் திரும்பிய நேரம் அவள் பனிக்குடம் உடைந்தது. தண்ணீரோடு தொப்புள்கொடியும் வெளியே சரிந்தது.

படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. தலை கொடியை நசுக்கினால் குழந்தை சில நிமிடங்களில் போய்விடும். கையை உள்ளே விட்டுத் தலையை மேலே தள்ளிப் பிடித்தேன். இனி என்னால் நகர முடியாது. கொடியின் துடிப்பு என் விரலில் தட்டியது.

"அக்கா, ஓடுங்க! அந்தக் கோயிலுக்குள்ள போயி மதரக் கூப்புடுங்க!" என்று நாத்தனாரிடம் கத்தினேன்.

"நான் எப்புடி நர்சம்மா உள்ள போறது?"

"போங்கக்கா!"

அவள் சிற்றாலய வாசலில் நின்று போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. "யாராச்சும் வாங்கம்மா! எங்க வூட்டுப் புள்ள சாவுது!"

மதர் ஓடி வந்தார். என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சாவியை எடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. செல்வியை ஜீப்பின் பின்பக்கம் கிடத்தி, இடுப்புக்கடியில் தலையணைகளை அடுக்கினோம். நான் கையை எடுக்காமல் அருகே மண்டியிட்டேன். ஒவ்வொரு பள்ளத்திலும் தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

அரியலூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் வரிசையாகச் சுண்ணாம்புக்கல் லாரிகள். விரலில் துடிப்பு மெதுவானது. "மதர், கொறையுது" என்றேன். கதவைத் திறந்து குதித்தார். ஏழு நாள் பேசாத தொண்டை, கரகரத்துக்கொண்டு வெடித்தது. "ஒதுங்குங்கப்பா! உசுரு போவுது, வண்டிய ஒதுக்குங்க!" ஒவ்வொரு லாரியாகத் தட்டித் தட்டி ஓரங்கட்ட வைத்து, ஓடி வந்து ஜீப்பை முன்னே ஓட்டினார். ரயில் கடந்தபோது எங்கள் ஜீப்தான் கேட்டில் முதலாவதாக நின்றது. அதற்குள் என் கை மரத்துவிட்டது. துடிக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். ஆண் குழந்தை. வெகுநேரம் அழவில்லை. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். மதர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டுல மௌனத்த ஒடச்சிட்டீங்க மதர்," என்று உளறினேன், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"நீ எப்ப கூப்புட்டிருக்கணும்?"

"கால் மணி நேரம் முன்னாடி."

அவர் திட்டவில்லை. "தட்டாதன்னு சொன்னது நான்தான். அந்தக் கால் மணி நேரம் என்னோடது. உன்னோடது இல்ல" என்றார். அடுத்த வருட நவநாளின்போது மருந்தகத்தில், என் மேசைக்கருகே ஒரு நாற்காலி போட்டு அவரே உட்கார்ந்திருந்தார். ஜெபமாலை கையில், வாய் மட்டும் மூடியிருந்தது.

செல்வியின் மகன் நாலு வயது வரை பேசவில்லை. நடையிலும் சற்று இழுப்பு. "பொறந்தப்ப மூச்சு முட்டினதாலன்னு டாக்டரு சொன்னாரு நர்சம்மா. உசுரோட இருக்கானே, போதும்" என்றாள் செல்வி, எனக்கு ஆறுதல்போல. கால் மணி நேரத்தைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை.

மருந்தகத்தை மூடிப் பல வருடமாகிறது. ரயில் பாதைக்கு மேல் பாலம் வந்துவிட்டது. ஒன்பது நாள் மௌனம் காக்க அந்த மடத்தில் இப்போது ஆளில்லை. மதரும் கண்ணை மூடிவிட்டார். அந்தக் கால் மணி நேரம் தன்னுடையது என்று சொல்ல ஒருவர் இருந்தவரை என்னால் தூங்க முடிந்தது.