பக்கத்து வீட்டு ரேடியோ

நேற்று மாலை என் மகள் ஹாலிலிருந்து கத்தினாள்: "அம்மா, 'சோட்டோ வோச்சே'ன்னா என்ன தெரியுமா? அடங்கின குரல்ல பேசறது. இத்தாலி வார்த்தையாம், இங்கிலீஷ்ல அப்படியே எடுத்துக்கிட்டாங்களாம்." அவள் போட்ட சத்தத்தில் குக்கர் விசிலே கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் கன்னட ஊரில், மண்டி மொஹல்லா என்ற பேட்டையில் குடியிருந்தபோது அதற்கெல்லாம் தனிப் பெயர் கிடையாது, பேச்சு என்றாலே அதுதான்.

ஒட்டுக் குடித்தனம். எங்கள் சமையலறைக்கும் சரஸ்வதம்மாவின் சமையலறைக்கும் நடுவே பாதிச் சுவர், மேலே ஓடு வரை வெறும் இடைவெளி. அவர் மிளகாய் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். ஆனாலும் அவரைப் பற்றிப் பயமில்லை. கன்னடக்காரர், தமிழ் தெரியாது என்று அசைக்க முடியாத நம்பிக்கை. பயமெல்லாம் முன்னறையில் பேப்பர் படிக்கும் அப்பாவிடம்தான்.

எனக்கு ஒரு பேங்கிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்திருந்தது. அப்பாவோ வேலை வேண்டாம் என்று மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் நானும் அரிசி களைகிற சாக்கில் கிசுகிசுவென்று திட்டம் போடுவோம். வாயைத் திறந்தால் போதும், சரஸ்வதம்மா வீட்டு ரேடியோ அலறும். விவசாய நிகழ்ச்சி! எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஆனால் ராகிக்கு எப்போது உரம் போடுவது என்பது எனக்கு இன்றும் அத்துப்படி. "அந்தம்மாவுக்குக் காது செவிடா?" என்று அப்பா எரிந்து விழுவார். நானும் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

இன்டர்வியூ அன்று காலை அப்பா வாசலில் மறித்தார். "ரெண்டு பேரும் எங்க கிளம்பிட்டீங்க?" பக்கத்து வாசலில் நின்றிருந்த சரஸ்வதம்மா, தான்தான் கோயிலுக்குக் கூப்பிட்டதாகக் கன்னடத்தில் சொல்லிவிட்டு, எங்களோடு நடக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

தெருமுனை திரும்பியதும் என் கையைப் பிடித்தார். "பயப்படாம பதில் சொல்லு கண்ணு" என்றார், நல்ல தமிழில். தமிழ் புழங்கும் எல்லையோர ஊரான ராமாபுரத்தில் பிறந்து வளர்ந்தவராம்! அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருடைய சாம்பாரைப் பற்றி நாங்கள் பேசாததா?

"எட்டு வருஷமா எல்லாத்தையும் கேட்டீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"உங்க பேச்சு என் காதுல விழக்கூடாதுன்னுதான் ரேடியோ வெச்சேனுங்க. இந்த இன்டர்வியூ சேதி விழுந்தப்புறம், உங்க வீட்டுக்கார அண்ணன் காதுல விழக்கூடாதுன்னு வெச்சேன்."

ஆர்டர் வந்தபோது அப்பா ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவரே சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். அந்த பேங்கில்தான் ரிட்டயர் ஆனேன், இந்த ஃப்ளாட்டும் அந்த வேலை தந்ததுதான். சரஸ்வதம்மாவை நினைக்காமல் நான் இதன் கதவைத் திறந்ததில்லை.

அவர் இப்போது இல்லை. அந்த வீடுகளும் கடைகளாகிவிட்டன. இங்கே சுவர் கூரை வரை இருக்கிறது, என் மகள் எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது. ஆனால் நாளைக்கு அவள் ஏதோ ஒரு கஷ்டத்தை என்னிடம் மெல்லச் சொன்னால், அந்தப் பக்கம் ரேடியோவைத் திருக யாரும் இல்லை.