திரையில் என் தங்கச்சி

சிட்டு, இன்றைக்கு மன்னார்குடிக் கல்லூரியில் உன்னைப் பார்த்தேனடி.

ஓவியம் வரைகிற பெண் ஒருவர் பேச வந்திருந்தார். தன் படங்களைத் திரையில் காட்டினார். எரிவாயுக் குழாய் பதிக்க வயலை எடுக்க வந்தபோது மறித்து நாற்று நட்டோமே, அன்றைக்கு அவரும் வந்திருந்தாராம். அதைப் பார்த்து வரைந்த படத்தில் நீ. முந்தானையை இடுப்பில் செருகி, கையில் நாற்றோடு, பக்கவாட்டில் திரும்பி, வாயைத் திறந்தபடி.

எழுந்தே விட்டேன். "அது என் தங்கச்சிங்க. போன தையில தவறிட்டா."

அவர் மேடையை விட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, இவங்க என்ன கோஷம் போடுறாங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க. நான் தூரத்துல நின்னேன், காதுல விழல."

"கோஷமா? அவளுக்கு ஒரு கோஷமும் முழுசா வராதுங்க. யாரோ நாத்தை நெருக்கி நட்டிருப்பாங்க, திட்டுறா."

கூட்டமே சிரித்தது. நானும்தான். உன் படத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். கீழே போட்டிருக்கிறேன், எல்லோரும் பாருங்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ திரும்பியிருக்கிற பக்கம் குனிந்து நடுகிறவள் நான்தான். அன்றைக்கு இருந்த கூச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

ஏன் சிட்டு, நீ திட்டியது என்னையா?