எல்லாவற்றுக்கும் ‘ஆம்’

அந்த டிஸ்க் சாகும்போது போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. டக், டக் என்று தட்டும், கொஞ்சம் ஓயும், மறுபடி தட்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தாலுகா அலுவலகம் ஒன்றில் நான் ஒப்பந்தக் கணினிப் பணியாளனாக இருந்த காலம். நிலப் பதிவுகளையெல்லாம் கணினியில் ஏற்றிவிட்டோம் என்று ஆட்சியில் இருந்தவர்கள் மேடைதோறும் முழங்கினார்கள். ஏற்றியாயிற்றே என்று பழைய பதிவேடுகளை ஒழுகுகிற அறையில் போட்டார்கள்; கரையான் வஞ்சனையில்லாமல் தின்றது. தாலுகாவின் குத்தகைப் பதிவு முழுவதும் அந்த ஒரே டிஸ்கில்தான் இருந்தது.

அதற்குக் காவல் எங்கள் சிஸ்டம் மேனேஜர். ஆட்சி மாறினால் அவர் சட்டைப்பையில் தெரியும் தலைவர் படமும் மாறும். மேடை கிடைத்தால் பகுத்தறிவு பேசுவார். ஆயுத பூஜை வந்தால் மட்டும் கணினிப் பெட்டிக்குத் தன் கையாலேயே சந்தனம் அப்புவார், காற்றுப் போகிற ஓட்டைகளைக்கூட விடாமல். விபூதியும் குங்குமமும் உள்ளே போய் விசிறியில் ஒட்டிக்கொள்ளும். “ஓட்டையை மட்டும் தொடச்சிடவா சார்?” என்று கேட்டேன். “சாமி காரியத்துல கை வைக்காதய்யா” என்றார். அந்த வருஷம் பெட்டி அடுப்பாகக் கொதித்தது. மழை பிடிப்பதற்குள் டிஸ்க் தட்ட ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்கு வராந்தாவில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து அம்மாள் ஒருவர் காத்திருந்தார். இரண்டு தலைமுறையாகக் குத்தகைக்கு உழுத நிலம். மிராசுதார் மகன், இவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்ற வேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தான். கையில் இருந்த நகல் கொள்ளிட வெள்ளத்தில் போய்விட்டது. எங்கள் கணினியிலிருந்து ஒரு சான்று கிடைத்தால் நிலம் நிற்கும், இல்லையென்றால் போய்விடும்.

கணினியோ எழவே மாட்டேன் என்றது. மேனேஜர் பழுதுபார்க்கும் நிரலை ஓட்டினார். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சீர்செய்கிற நிரல் அது. பாதியில் செத்து விழுந்தது. மறுபடி ஓட்டினார், அதே இடத்தில் விழுந்தது. நிரல்தான் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிப் புதிய பதிப்பை வரவழைத்தார். அதுவும் அங்கேயே விழுந்தது. டிஸ்கின் இன்ன இடத்தைப் படிக்க முடியவில்லை என்று திரை கத்திக்கொண்டிருந்தது. அதைப் படித்துப் பார்க்கக்கூட அந்த மகானுக்குப் பொறுமையில்லை.

“சார், நிரல்ல கோளாறு இல்ல. டிஸ்க்கே போயிட்டிருக்கு. படிக்க முடிஞ்சவரைக்கும் வேற டிஸ்க்ல நகல் எடுத்துக்கிட்டு, ரிப்பேரை நகல்ல ஓட்டுவோம். இதுலயே ஓட்டினா இருக்கறதும் போயிடும்.”

“புது டிஸ்க்குக்கு எவன்யா உத்தரவு வாங்குறது? நாளைக்கு மந்திரி வர்றாரு.”

தாசில்தாரிடம் ஓடினேன். “அவரு படிச்சுட்டு வந்தவருப்பா” என்று அனுப்பிவிட்டார். நான் திரும்பி வரும்போது மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நிரல் எதைக் கேட்டாலும் ‘ஆம்’ என்று தானே பதில் சொல்லும்படி ஓட்டிவிட்டிருந்தார். படிக்க முடியவில்லை, மேலே எழுதிவிடட்டுமா? ஆம். இந்தக் கோப்பு சிதைந்திருக்கிறது, நீக்கட்டுமா? ஆம். இந்த முறை நிரல் விழவில்லை. பழுது ஏதுமில்லை என்று முடித்தது. பழுதாவதற்கு உள்ளே என்ன மிச்சம்? மேனேஜர் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். மறுநாள் மந்திரி வந்து, கணினிச் சேவையைத் தொடங்கிவைப்பதாகப் பொத்தானை அமுக்கினார், கை தட்டினார்கள்.

அந்த அம்மாளின் ஊர்ப் பதிவைத் திறந்தால் வெறுமையாக இருந்தது. டிஸ்க் பழுதில் அழிந்தது என்று எழுதலாம் சார் என்று மன்றாடினேன். “கம்ப்யூட்டர் கிளீன்னு சொல்லுது, நீ யாரு?” என்றவர், ‘குத்தகைப் பதிவு ஏதும் இல்லை’ என்று அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு சீல் வைத்துக் கொடுத்தார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு காகிதம் போதுமானதாக இருந்தது.

மேனேஜர் பதவி உயர்வோடு ஓய்வு பெற்று, இப்போது கல்லூரிகளில் கணினி நிர்வாகம் பற்றிப் பேசுகிறார். பொன்னாடை போர்த்துகிறார்கள். போன சம்பாவில் அந்த அம்மாளைப் பார்த்தேன். தான் உழுத வயலிலேயே கூலிக்கு நடவு நட்டுக்கொண்டிருந்தார். அந்த சார் எப்படி இருக்கிறார் என்று அவரேதான் கேட்டார். சொன்னேன்.

“இருக்கட்டும் தம்பி. மிராசுதார் மகன் எங்கள வெளிய போன்னுதான் சொன்னாரு. நாங்க அங்க இருந்ததே இல்லன்னு சொன்னது உங்க சாருதான்.”