முதல்நாள் அக்கா

நாற்காலியில் உட்காரும் முன் சுவரைத் தட்டிப் பார்க்கிறாள். விரல் முட்டியால் ஒரு தட்டு. பிறகு காதைச் சுவரோடு ஒட்டவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தண்ணீர் கொண்டுவந்த பரிமாறுபவர் கிளாசும் கையுமாகக் காத்திருக்கிறார். ஒரு காலத்தில் பட்டன் தொழிற்சாலையாக இருந்து, வெகுகாலம் பூட்டிக் கிடந்து, இன்றுதான் உணவகமாகத் திறந்திருக்கும் இடம் அது. பெயிண்ட் வாடை சூப்பின் மணத்தை முந்திக்கொண்டு வருகிறது.

"சுவத்துக்கும் காது இருக்குன்னு சொல்வாங்களே மேடம், அதைத்தான் பாக்கறீங்களா?" என்கிறார் பரிமாறுபவர்.

"காது இருந்துட்டுப் போகட்டும்ப்பா. வாய் இருக்கான்னுதான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த சுவருக்குப் போகிறாள்.

ஆற்றோரப் பழைய ஆலைப் பேட்டையில் இவளைத் தெரியாதவர் இல்லை. வார இதழ் ஒன்றில் புது இடங்களைப் பற்றி எழுதுகிறாள். மதுக்கூடமோ, நாடகக் கொட்டகையோ, பீங்கான் கண்காட்சியோ, எது திறந்தாலும் திறப்பு நாளன்றே ஆஜர். அதனால் பெயரே முதல்நாள் அக்கா என்று ஆகிவிட்டது. அக்கா கால் வைத்தால் கூட்டம் அள்ளும் என்று முதலாளிகளுக்கு நம்பிக்கை. முன் அறையோடு நிற்கிறவள் என்றால் அதை மட்டும் கழுவி வைத்திருப்பார்கள். அக்காவோ சமையலறை, சரக்கு அறை, மாடிப்படிக்கு அடியில் உள்ள பொந்து வரை போய்வருகிறாள். சுத்தத்தைச் சோதிக்கிறாள் என்ற பயத்தில் எல்லோரும் முந்தின நாளே மூலைமுடுக்கெல்லாம் கழுவி விடுகிறார்கள். பேட்டையில் கரப்பான் பூச்சிக்குப் பிழைப்புப் போனதற்கு அக்காதான் காரணம்.

கூடவே அவள் கணவரும் வருவார். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவர். 'பந்திக்கு முந்து' என்பதை வேதவாக்காகக் கொண்ட மனிதர். அக்கா தன் தட்டைக் கரண்டியால் கிளறுவதோடு சரி, இரண்டு தட்டையும் காலி செய்பவர் இவர்தான். வீடு திரும்பும் பேருந்தில், எதில் உப்புத் தூக்கல், எந்த ரொட்டி நேற்றையது என்று ஒப்பிப்பார். அவள் எழுதிக் கொடுப்பாள். "கை அவளோடது, நாக்கு என்னோடது" என்பார். ஒரு வாரம் இவருக்குச் சளி பிடித்திருந்தது. அந்த வாரப் பக்கத்தில் எல்லாப் பண்டங்களும் 'மிதமான மணம் கொண்டவை'யாக வெளிவந்தன. வாசகர்கள் நம்பினார்கள். நாம் எதைத்தான் நம்பவில்லை.

சாப்பாட்டுக்காக வருகிறவள் அல்ல அக்கா. அவள் அண்ணனைத் தேடி வருகிறாள்.

ஆலைகள் மூடப்பட்டபோது அந்தப் பேட்டை முழுவதற்கும் அண்ணன்தான் காவலாளி. அத்தனை கதவுக்கும் சாவி அவன் இடுப்பில். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுச் சுற்றிப் பார்க்கப் போனவன் திரும்பவில்லை. யாரோடாவது ஓடிப்போயிருப்பான் என்றது ஊர். விசாரிக்க வந்தவர்கள், பூட்டு வெளியே தொங்கும்போது ஆள் எப்படி உள்ளே இருப்பான் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

"செருப்பைத் தைக்கக் குடுத்திருந்தான். ஓடறவன் செருப்பைத் தைக்கக் குடுப்பானா?" என்கிறாள் அக்கா.

பிறகு பேட்டைக்கு மவுசு வந்தது. பணக்காரர்கள் வந்தார்கள், ஓவியர்கள் வந்தார்கள், பூட்டுகள் உடைந்தன. உடைந்த ஒவ்வொரு பூட்டுக்குப் பின்னாலும் அக்கா போய் நின்றாள். ஊருக்கு அது திறப்பு விழா, அவளுக்கு இன்னொரு இடத்திலும் அவன் இல்லை என்று அறியும் நாள். கணவருக்கு உள்ளூர ஒரு பயம் வளர்ந்தது. திறக்கத் திறக்க மூடிக் கிடப்பவை குறைகின்றன. எல்லாம் திறந்த பிறகும் அவன் அகப்படாவிட்டால் இவள் என்ன ஆவாள்? அதை நினைத்தால் மட்டும் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பட்டன் தொழிற்சாலையும் திறந்த பிறகு, கடைசியாக ஐஸ் ஃபாக்டரி மட்டும் மிஞ்சியது. அதுவும் அடுத்த மாதமே ஓவியக் கூடமாகத் திறந்தது, ஓரத்தில் ஒரு காப்பிக் கடையோடு.

நல்ல வெயில் நேரம். உள்ளே கூட்டம், சிரிப்பு, கண்ணாடிக் கிண்ணங்களின் சத்தம். அக்கா தட்டிக்கொண்டே போனாள். குளிர் வெளியேறாமலிருக்க அந்தக் காலத்தில் சுவருக்குள் மரத்தூளை அடைத்திருந்தார்கள். எங்கே தட்டினாலும் தலையணையைத் தட்டியதுபோல ஓசை அமுங்கிப் போயிற்று. அறை அறையாகப் போனாள். கணவர் இரண்டு கிண்ணக் காப்பியையும் குடிக்காமல் ஏந்தியபடி பின்னாலேயே நடந்தார்.

கடைசி அறையில், நீல வண்ணம் அடித்த சுவரில் தட்டியபோது ஓசை கணீரென்று கேட்டது.

கூடத்தின் உரிமையாளர், தாடிக்கார ஓவியர், ஓடி வந்தார். "அக்கா, தொடாதீங்க, பெயிண்ட் ஒட்டிக்கும். இந்தச் சுவர் மட்டும் காயவே மாட்டேங்குது. என்ன அடிச்சாலும் வேர்க்குது."

"இதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"ஒரு கதவு இருந்துச்சுக்கா. வெளியில பூட்டு கிடையாது, உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. தேதி நெருங்கிடுச்சேன்னு மேஸ்திரி அதுக்கு மேலயே பலகை அடிச்சுப் பூசிட்டார்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. காலியான அறைக்கு உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுவது யார்? தாடிக்குள் முகம் வெளிறிப்போயிற்று.

கணவர் கிண்ணங்களைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைச் சுவரில் பதித்தார். சில்லென்று இருந்தது. இயந்திரம் நின்று எத்தனையோ காலம், அதன் இரும்பைக்கூட எப்போதோ பழைய இரும்புக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். அவரும் காதை வைத்துப் பார்த்தார். என்னவோ கேட்டது. தன் நெஞ்சுத் துடிப்புத்தான் அது என்று இன்றும் சொல்கிறார், கொஞ்சம் அவசரமாகவே சொல்கிறார்.

அவர்தான் ஓவியரிடம் அண்ணன் கதையைச் சொன்னார். "இடிச்சுடலாம்மா" என்றார் மனைவியிடம். "இருக்கானோ இல்லையோ, இன்னியோட தெரிஞ்சுபோகட்டும். இதுக்கு மேல உன்னால முடியாது, என்னாலயும் முடியாது."

ஓவியர் கூட்டத்தை வெளியே அனுப்பினார், பாட்டை நிறுத்தினார். கொல்லைப்புறத்திலிருந்து கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அக்கா அதற்குள் நீலச் சுவரில் கன்னத்தைப் பதித்திருந்தாள். இத்தனை இடங்களில் காது வைத்து ஏமாந்து திரும்பும் முகத்தைத்தான் கணவருக்குத் தெரியும். இது வேறு முகம். தொலைபேசியில் பேசுகிறவர்களைப் போல மெல்ல 'ம்' என்றாள். சற்றுப் பொறுத்து, தலையை ஆட்டி, மறுபடியும் 'ம்'.

"அக்கா, எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?" என்றார் ஓவியர்.

அவள் திரும்பினாள். கன்னத்தில் நீலம் ஒட்டியிருந்தது. அவர் கையிலிருந்த கடப்பாரையை இரண்டு கைகளாலும் வாங்கினாள். வாங்கி, குனிந்து, குழந்தை தூங்கும் வீட்டில் பாத்திரத்தை வைப்பதுபோல, துளிச் சத்தமும் எழாமல் அதைத் தரையில் கிடத்தினாள்.