விழுங்காமல் ருசி பார்ப்பது

வாயில் போட்டதை வேலை என்று சொல்லிவிட்டால் அது சாப்பாடு இல்லை என்று ஆகிவிடுமா? வெர்லின் சுர்புகனோடு வேலை பார்த்தவர்களுக்கு இப்படிக் கேட்கத் தோன்றும்.

விஸ்கான்சினில் எங்கள் சீஸ் ஆலையில் தரம் பார்ப்பவர் அவர். வண்டிச் சக்கரம் போன்ற சீஸ் கட்டிக்குள் இரும்புக் குழலைச் செருகித் திருகி, விரலளவு துண்டை எடுப்பார். முகர்வார், நசுக்குவார், மெல்லுவார், விழுங்குவார். அவர் தலையசைக்காமல் ஒரு கட்டியும் கடைக்குப் போகாது. மற்ற ஆலைகளில் மென்றதை வாளியில் துப்புவார்கள். விழுங்கிய பிறகு தொண்டையில் எழும் கசப்பை வைத்தே குறையைக் கண்டுபிடிப்பதாக வெர்லின் சொல்வார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

அவருக்குச் சிறுநீரகம் பழுதானதும் பாலும் சீஸும் குறைக்கச் சொன்னார்கள் மருத்துவர்கள். பழுதான சிறுநீரகத்தால் பாஸ்பரஸைச் சரியாக வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தில் தேங்கி, எலும்பின் சுண்ணாம்புச் சத்தை இழுத்துவிடும். வீட்டில் அவர் ஒழுங்காகவே இருந்தார். சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரையைத் தவறாமல் போட்டார். ஆனாலும் பாஸ்பரஸ் ஏறிக்கொண்டே போனது. உடம்பெல்லாம் அரிப்பு.

உணவு ஆலோசகர் மாரிபெத் விசாரித்ததை, உடன் போன வெர்லினின் மனைவி லோயிஸ் எங்களுக்கு நடித்தே காட்டினாள்.

“சீஸ் சாப்பிடுறீங்களா?” என்று கேட்டாளாம் மாரிபெத்.

“வெள்ளிக்கிழமை ஊரே மீனோட சீஸ் திங்கும்போதுகூட நான் தொடுறதில்லம்மா.”

“புளுகாத, வெர்லின்” என்றாள் லோயிஸ். “காலையில ஆலையில என்ன பண்ணுன?”

“அது தரம் பாக்குறது.”

“முழுங்குனியா இல்லையா?”

“பின்ன, காதுலயா போட்டுக்குவேன்?”

மாரிபெத் சிரிக்கவில்லை. “எது வேலை, எது சாப்பாடுன்னு உங்க சிறுநீரகத்துக்குத் தெரியாது. இப்படியே போனா எலும்பு நொறுங்கும். துப்புங்க, இல்லன்னா வேலையை விடுங்க.”

மறுநாள் வாளி வந்தது.

“என்னப்பா, புகையிலை மெல்லுற பேஸ்பால்காரன் மாதிரி துப்புற?” என்றேன்.

“தள்ளி நில்லு. வாளிக்குள்ள விழுற மாதிரி துப்ப இன்னும் சரியா வரல.”

துப்பினால் குறை தப்பிவிடும் என்று நாங்கள் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. அவர் தலையசைத்து அனுப்பிய கட்டிகளில் ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வரவில்லை. வசந்தத்துக்குள் பாஸ்பரஸ் இறங்கியது, அரிப்பும் நின்றது. இனி வேலையை விட வேண்டியதில்லை என்றாள் மாரிபெத்.

அந்த வாரமே வெர்லின் இரும்புக் குழலைக் கழுவி என்னிடம் கொடுத்தார். பால் லாரி இறக்கும் வாசலுக்கு மாற்றல் கேட்டார். கொடுத்தார்கள். ஏன் என்று நான் கேட்டேன், லோயிஸும் கேட்டாள். “துப்பியும் குறை தெரியுதுன்னா, இத்தனை வருசம் முழுங்குனது சாப்பாடுதான்” என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற லாரிக்குக் குழாயை மாட்டப் போனார்.