பட்டர் தடவிக் கொடுக்கும் வேலை

பேரங்காடியில் ரொட்டித் துண்டில் பட்டர் தடவி, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் நீட்டுகிற தொழிலில் கை வலிப்பதற்கு முன்னால் முகம் வலித்துவிடும்; நாள் முழுக்கச் சிரிக்க வேண்டுமே!

இந்த வேலைக்குப் ‘புரோமோட்டர்’ என்று பெயர். ஆயர் குரோ பக்கம், புக்கிட் பெருவாங் ஆட்கள் சாமான் வாங்க வருகிற பேரங்காடி ஒன்றில், பால், தயிர் அடுக்கிய குளிர்பெட்டிக்கு எதிரில் என் மேசை. மேலே மூன்று டப்பா: உப்புப் போட்ட பட்டர், உப்பில்லாத பட்டர், பட்டர் மாதிரியே பாவனை செய்யும் மார்ஜரின். நகெட் பொரித்து நீட்டுகிறவர்களே, மூணு-இன்-ஒன் காப்பி கலக்கிக் கொடுக்கிறவர்களே, நின்றே பிழைக்கும் என் இனத்தாரே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும். ஒருவர் நாக்கில் பட்டரை வைத்துவிட்டால் போதும், அவர் வீட்டுக் கதை தானாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

தொப்பி அங்கிள்

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சனிக்கிழமை காலையில் தொப்பி போட்ட அங்கிள் ஒருவர் வந்தார். உப்புப் பட்டர் தடவிய துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, “ம்ம்” என்று தலையாட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து உப்பில்லாததைச் சாப்பிட்டார். பிறகு மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மார்ஜரினுக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் புது ஆளைப் பார்ப்பதுபோல “வாங்க அங்கிள்” என்றேன். அவருக்கும் சந்தோஷம், எனக்கும் பொழுது போயிற்று.

வாரா வாரம் இதே கூத்து. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எப்படியாவது ஒரு டப்பாவை அவர் தலையில் கட்டிவிட வேண்டும் என்று ஒருநாள் வழிமறித்தேன். “அங்கிள், எல்லாத்தையும் சாப்பிட்டுப் பாத்துட்டீங்க. எது புடிச்சிருக்குன்னு சொல்லுங்க, நானே எடுத்து டிராலியில வைக்கிறேன்.” அவர் அக்கம்பக்கம் பார்த்தார். குனிந்து, காதோடு காதாகச் சொன்னார்: “பட்டர் எனக்குப் புடிக்கவே புடிக்காதும்மா. ஆனா ரொட்டி ரொம்ப நல்லாருக்கு, இது எந்தக் கடையில வாங்குறது?”

உப்பு யாருக்கு?

சுங்கை ஊடாங்கிலிருந்து ஒரு தம்பதி. கணவர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்கிறவர். நல்ல உயரம், நல்ல தொப்பை. அந்த அக்கா அவருக்குத் தோள் உயரம்தான், ஆனால் டிராலி அக்கா கையில் இருந்தது. அண்ணன் உப்புப் பட்டரை எடுத்து உள்ளே வைப்பார்; அக்கா அதை எடுத்துத் திரும்பக் குளிர்பெட்டியில் வைப்பார். அது பல வருஷப் பழக்கம் என்று பார்த்தாலே தெரிந்தது.

“டாக்டர் சொல்லிட்டாரு, இவருக்குப் பிரஷர்” என்றார் அக்கா என்னிடம். “உப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? ரெண்டும் ஒண்ணுதானே.”

“ஒண்ணா? உப்பில்லாதது மெழுகுவத்தியத் தின்னுற மாதிரி இருக்குலா!” என்று கத்தினார் அண்ணன்.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. “அக்கா, நீங்க கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிட்டுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணுன்னு நீங்க சொல்லிட்டா அண்ணன் வாயத் திறக்கக் கூடாது” என்றேன். அக்கா கண்ணை மூடினார். முதல் துண்டை மரியாதைக்கு மென்றார். இரண்டாவது துண்டு வாய்க்குள் போனதும் புருவம் இரண்டும் மேலே ஏறின. மூடிய கண்ணைத் திறக்காமலே, இன்னொன்று கேட்டுக் கையை நீட்டினார். “பாத்தீங்களா, பாத்தீங்களா! அதுதான் உப்புப் போட்டது!” என்று அண்ணன் குதித்த குதியில் தயிர் எடுக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா நிதானமாகக் கண்ணைத் திறந்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ரெண்டுலயும் ஒண்ணு ஒண்ணு எடுங்க. உப்பில்லாதது உங்களுக்கு, உப்புப் போட்டது எனக்கு. எனக்குத்தான் பிரஷர் இல்லையே.”

ஓரகத்திகள்

தீபாவளி நெருங்கினால் என் மேசையைச் சுற்றிப் பலகாரக் கூட்டம். பிஸ்கட்டுக்கு எது போடலாம், எது போட்டால் வாயில் கரையும் என்று ஒரே விசாரணை. ஜாசின் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்த கமலாக்கா ரொட்டித் துண்டைத் தொடவே இல்லை. மார்ஜரினைத் துளி எடுத்துப் புறங்கையில் தேய்த்து மோந்து பார்த்தார். “எங்க வீட்டு பிஸ்கட் சுத்தமான பட்டர்னு எஸ்டேட் பூரா பேரு” என்று சொல்லிக்கொண்டே மார்ஜரின் டப்பாக்களை எடுத்து டிராலியில் அடுக்கினார். அதற்கு மேல் ஒரு மூட்டை கோதுமை மாவைப் படுக்க வைத்தார். “என் ஓரகத்தி தேவி வந்தாலும் வருவா. நான் எத வாங்குனேன்னு சொல்லிடாதே.”

அவர் முட்டைப் பக்கம் போன கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன வயசுப் பெண் வந்தாள். கமலாக்காவின் கொழுந்தனைக் கட்டியவள் இவள்தான் என்பது அவள் பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. “எங்க பெரியக்கா பட்டர் தவிர வேற எதுவும் போட மாட்டாங்க. நானும் பட்டர்னுதான் அவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன்” என்றவள், மார்ஜரின் டப்பாக்களை எடுத்து வைத்துக் கைப்பையால் மூடினாள். அந்த நேரம் பார்த்து முட்டைத் தட்டோடு திரும்பி வந்தார் கமலாக்கா. மாவு மூட்டை சரிந்து கிடந்தது, கைப்பை போதவில்லை. இவர் டிராலியை அவள் பார்த்தாள், அவள் டிராலியை இவர் பார்த்தார். நான் அவசர அவசரமாக மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

முதலில் பேசியவர் கமலாக்காதான். “இது வீட்டு நாய்க்கு வாங்கினேன். ரொட்டியில தடவிப் போட்டா நல்லாச் சாப்பிடும்.”

தேவி கண் இமைக்கவில்லை. “எங்க வீட்டு நாயும் இதைத்தான் சாப்பிடும்க்கா. தீபாவளி வந்துட்டா அதுக்குப் பசி கூடிடுது.”

எதிர் மேசை

எனக்கு எதிரில் நிற்கிறவள் சரோஜா. வேறு கம்பெனி பட்டர். தொழில்படி நாங்கள் எதிரிகள். மற்றபடி என் ரொட்டி தீர்ந்தால் அவள் கொடுப்பாள், அவள் கால் வலித்தால் என் நாற்காலியில் உட்காருவாள். குறும்பு மட்டும் கொஞ்சம் அதிகம்.

எங்கள் சூப்பர்வைசர் குமரன் ஒருநாள் திடீரென்று வந்து நின்றான். விற்பனை குறைந்திருக்கிறது, இந்த மேசையை எடுத்துவிடலாமா என்று கம்பெனியில் பேச்சு ஓடுகிறது, அவன்தான் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். “ரெண்டு நிமிஷம் தம்பி” என்று கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வந்து ரொட்டியில் தடவும்போதுதான் நிறம் இடித்தது. எங்கள் பட்டர் வெளிர் மஞ்சள். கத்தியில் இருந்ததோ நல்ல மஞ்சள். நிமிர்ந்து பார்த்தேன். எதிர் மேசையில் சரோஜா உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தாள். குமரனும் நானும் பார்க்காத நேரத்தில் திறந்த டப்பாக்களை மாற்றி வைத்துவிட்டாள் பாவி!

நான் தடுப்பதற்குள் குமரன் துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டான். கண்ணை மூடினான். “அக்கா, இந்த வாசனை வேற யாருகிட்ட இருக்கு?” என்றான். அப்படியே எதிர் மேசைக்குப் போய், அங்கே ஒரு துண்டு கேட்டு வாங்கி மென்று, முகத்தைச் சுளித்தான். “சோப்பு மாதிரி இருக்கு. இதோட போட்டி போட நாம பயப்படுறோமா?” சோப்பு என்று அவன் சொன்னது எங்கள் பட்டரை. எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கம்பெனி மேல் எனக்கு அவ்வளவு பாசம் என்று நினைத்து அவன் நெகிழ்ந்தே போனான். மேசையை எடுக்கக் கூடாது என்று அங்கேயே நின்று போனில் சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவன் தலை மறைந்ததும் சரோஜா ஓடி வந்தாள்: “அக்கா, அவரு நம்பரக் குடுங்க. எங்க பட்டரப் பத்தி எங்க சூப்பர்வைசர்கூட இவ்வளவு நல்லாப் பேசினதில்ல!”

அவ தடவுறது இதில்ல

வேலாயுதம் ஐயா லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று மனைவி ஜொகூர் போய்விட்டார். வீட்டில் இவர் தனி. “அவ தினமும் ரொட்டியில ஒண்ணு தடவிக் குடுப்பா. அது வேணும்” என்று வந்து நின்றார். பட்டரா, மார்ஜரினா, மூடி என்ன நிறம், எதுவும் தெரியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து தின்றுகொண்டிருக்கிறார், டப்பாவைப் பார்த்ததே இல்லை. மூன்றையும் கொடுத்தேன். சரோஜா மேசையில் இருந்ததையும் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும், “அவ தடவுறது இதில்ல” என்றார். நாலாவது துண்டில் அவர் குரல் இறங்கிவிட்டது. காலையில் வெறும் ரொட்டியைக் காப்பியில் நனைத்துத் தின்றுவிட்டு வந்திருக்கிறார்.

அவர் மனைவிக்கே போன் போடச் சொன்னேன். அவர் போட்டு, என் கையில் கொடுத்தார். “அவரு பக்கத்துல நிக்கிறாரா?” என்றது குரல். நான் தயிர் இருக்கும் பக்கமாக நகர்ந்தேன். “உப்புப் பட்டர் பாதி, மார்ஜரின் பாதி, டின்னுல வர்ற இனிப்புக் கட்டிப்பால் ஒரு கரண்டி. கலக்கி ஒரு பழைய டப்பாவுல போட்டு வைப்பேன். புள்ளைங்க சின்னதா இருந்தப்ப, பட்டர் சீக்கிரம் தீந்துடுதேன்னு ஆரம்பிச்சது.”

“அவ்வளவுதானாம்மா? அவருகிட்டயே சொல்லிடுறேன், கலக்கிக்குவாரு.”

“ஐயையோ, வேணாம்! அதையும் கத்துக்கிட்டாருன்னா நான் இல்லாமலே சமாளிச்சுக்குவாரு.”

போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஐயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அது எந்தக் கடையிலயும் கிடைக்காதாம், ஐயா. அம்மா வந்தாத்தான்” என்றேன். அவர் குளிர்பெட்டியைப் பார்த்தார், டப்பாக்களைப் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்து, பேரங்காடி முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு போடு போட்டார்: “பேரப்புள்ளய மக மாமியா பாத்துக்குவாங்க. நீ பஸ் ஏறு, நான் ஸ்டேஷன்ல வந்து நிக்கிறேன்!”

இத்தனை பேர் நாக்கை எடைபோட்ட நீ உன் வீட்டில் எதைத் தடவுகிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், எங்கள் குடும்பமே ரொட்டிக்கு காரமான நெத்திலிச் சம்பல் தொட்டுக்கொள்கிற கட்சி.